வேலையா, வெளியூர் கிளப்பா? வட சென்னை டிஃபெண்டருக்கு முன்னால் இருக்கும் வழிகள்

ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர வயது 18 முதல் 25 வரை. எந்தப் பிரிவினருக்கும் தளர்வு கிடையாது. ஆனால் கால்பந்தில் ஒரு ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று காக்கும் டிஃபெண்டர், தன் ஆட்டத்தில் தேறி நிற்பது பெரும்பாலும் 26, 27 வயதுக்கு மேல்தான். வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், தண்டையார்பேட்டை பக்கம் பின்வரிசையில் ஆடும் எந்தப் பையனுக்கும் சிக்கல் இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஃபார்வர்டுக்கு 20 வயதிலேயே பெயர் கிடைத்துவிடும், கோல் கணக்கு அவனுக்காகப் பேசும். 20 வயது டிஃபெண்டரை நம்பி கடைசி பத்து நிமிடத்தை ஒப்படைக்கும் கோச் அபூர்வம். அவன் திறமை வெளியே தெரிய வரும் நேரத்தில் அரசு வேலைக்கான கதவில் பாதி மூடியிருக்கும்.

அதனால் "வேலைக்குப் போகலாமா, கிளப்புக்குப் போகலாமா" என்ற கேள்விக்கு ஃபார்வர்டுக்கும் டிஃபெண்டருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. கீழே உள்ளது 18 முதல் 25 வயது வரையிலான டிஃபெண்டருக்கும் அவன் வீட்டாருக்கும்.

ஊர் ஊராய்ப் போனவர்கள் எப்படிப் போனார்கள்

"பத்து கிளப் மாறியவன்" என்றால் எங்கேயும் நிலைக்காதவன் என்று ஏரியாவில் ஒரு பேச்சு உண்டு. மாறிய வரிசையைப் பார்க்காமல் அப்படிச் சொல்வது தவறு.

மலப்புறம் மாவட்டம் கொண்டோட்டியைச் சேர்ந்த அனஸ் எடத்தொடிகா 2007ல் மும்பை எஃப்.சி.க்குப் போனார். அங்கே நான்கு ஆண்டு. 2011ல் புனே எஃப்.சி., அங்கேயும் நான்கு ஆண்டு. அதன் பிறகுதான் டெல்லி டைனமோஸ், மோகன் பகான், ஜாம்ஷெட்பூர், கேரளா பிளாஸ்டர்ஸ், ஏ.டி.கே., மறுபடி ஜாம்ஷெட்பூர், கடைசியில் கோகுலம் கேரளா என்று அடுத்தடுத்து மாறினார். இந்திய அணிக்கு முதன்முதலாக ஆடியது 2017 மார்ச்சில், கம்போடியாவுக்கு எதிராக. அப்போது அவருக்கு வயது 30. அதே ஆண்டு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கிளப்கள் வரிசையாக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஜாம்ஷெட்பூர் அவரை முதல் ஆளாக எடுத்தது. தொகை 1.10 கோடி ரூபாய்.

சண்டிகரின் சந்தேஷ் ஜிங்கன் 2011ல் யுனைடெட் சிக்கிமில் தொடங்கினார். மும்பை எஃப்.சி. வழியாக 2014ல் கேரளா பிளாஸ்டர்ஸ். அங்கே ஆறு சீசன், நடுவில் பெங்களூரு போன்ற கிளப்களுக்கு லோன் (தற்காலிகமாக ஆடக் கொடுப்பது). 2019 அக்டோபரில் முழங்காலின் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்து ஒரு சீசன் முழுதும் போனது. 2020ல் ஏ.டி.கே. மோகன் பகான், 2021ல் குரோஷியாவின் ஷிபெனிக். அங்கே காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2022 ஜனவரியில் திரும்பினார். பிறகு பெங்களூரு, அதன் பிறகு எஃப்.சி. கோவா.

2014ல் நம் நேரு ஸ்டேடியத்திலேயே இப்படி ஒருவரைப் பார்த்தோம். சென்னையின் எஃப்.சி. கிளப்புக்கு ஆட்டக்காரராகவும் மேனேஜராகவும் வந்த மார்கோ மாத்தராட்சி, இளம் வயதில் இத்தாலியின் கீழ் டிவிஷன்களில் மர்சாலா, டிராப்பானி, கார்ப்பி போன்ற சின்ன கிளப்களில் ஆடியவர். பெருஜியா, இங்கிலாந்தில் ஒரு சீசன் எவர்ட்டன், மறுபடி பெருஜியா என்று சுற்றி, 27 வயதில்தான் இத்தாலி அணியில் முதல் ஆட்டம், அதே ஆண்டு இன்டர் மிலான். ஐந்து ஆண்டு கழித்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தார்.

மூன்று பேரிடமும் பொதுவான விஷயம் ஒன்று. ஏதோ ஓரிடத்தில் தொடர்ந்து ஆட்ட நிமிடங்கள் கிடைத்திருக்கின்றன. அனஸுக்கு முதல் எட்டு ஆண்டில் இரண்டே கிளப். வருஷத்துக்கு ஒரு கிளப் என்று மாறத் தொடங்கியது பெயர் நிலைத்த பிறகு. டிஃபெண்டருக்கு இது ஏன் முக்கியம் என்றால், அவன் வேலை ஜோடி வேலை. பக்கத்து ஸ்டாப்பர் எந்தப் பந்துக்கு முன்னேறுவான், எதற்குப் பின்வாங்குவான், கோலி (கோல்கீப்பர்) எந்த உயரத்தில் நிற்பான், ரைட் பேக் மேலே போனால் அந்த இடத்தை யார் அடைப்பது என்பதெல்லாம் உடம்பில் ஏற அரை சீசனாவது வேண்டும். ஜனவரியில் சேர்ந்து ஏப்ரலில் கிளம்பும் ஸ்டாப்பர், ஒவ்வொரு முறையும் இந்தப் பாடத்தின் முதல் பக்கத்தையே படித்துக்கொண்டிருப்பான்.

முதல் வழி: டிபார்ட்மெண்ட் வேலை

சென்னை லீகின் முதுகெலும்பு இன்றும் டிபார்ட்மெண்ட் அணிகள்தான்: ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை), தென்னக ரயில்வே, வருமான வரித்துறை, இந்தியன் வங்கி, ஏ.ஜி. (அக்கவுண்டண்ட் ஜெனரல்) அலுவலகம், சுங்கத்துறை. இதில் ஐ.சி.எஃப். நம் பெரம்பூரிலேயே 1955லிருந்து இருக்கிறது. இந்த வழியைப் பற்றி ஏரியாவில் நிறையத் தவறான தகவல் உலவுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ரயில்வே தேர்வில் மொத்தம் 100 மதிப்பெண். விளையாட்டுச் சாதனைக்கு 50, டிரயல்ஸுக்கு 40, கல்விக்கு 10. டிரயல்ஸில் 40க்கு 25 எடுத்தால்தான் அடுத்த கட்டம். ஆக, கிரவுண்டில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பாதி மதிப்பெண் பேப்பரில் இருக்கிறது. அந்தப் பேப்பர் எது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு நான்கு படிவங்கள் உண்டு. படிவம் 1, நாட்டுக்காக ஆடியதற்கு. தேசிய சம்மேளனம் தர வேண்டும். படிவம் 2, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு. மாநிலச் சங்கம் தர வேண்டும். படிவம் 3, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் தலைவர் கையெழுத்து. படிவம் 4, தேசிய அளவிலான பள்ளிப் போட்டி. கல்வித் துறை இயக்குநர் கையெழுத்து. கிளப்புக்காக ஆடிய லீக் ஆட்டத்துக்கு இந்த நான்கில் தனிப் படிவம் கிடையாது. வெளிமாநிலத்தில் இரண்டு சீசன் ஐ-லீக் 2 (தேசிய லீகுகளில் ஒரு கீழ் அடுக்கு) ஆடிவிட்டு வந்தவனுக்கு இங்கே காட்ட எதுவும் இல்லாமல் போகலாம். அதே காலத்தில் மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டியான சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டுக்கு ஆடியவன் கையில் படிவம் 2 இருக்கும்.

இன்னொரு நுணுக்கம்: ரயில்வேயில் பழைய சாதனை செல்லாது. நடப்பு நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளும்தான் கணக்கு. 19 வயதில் வாங்கிய சான்றிதழை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்து 24ல் எடுத்து நீட்டினால் பயனில்லை.

பல அறிவிப்புகளில் "கால்பந்து, ஆண்கள்" என்பதற்குக் கீழே எந்தப் பொசிஷன் என்றும் போட்டிருப்பார்கள்: கோலி ஒன்று, டிஃபெண்டர் ஒன்று, ஃபார்வர்டு இரண்டு என்பது போல. டிஃபெண்டர் இடம் எல்லா ஆண்டும் வராது. வந்தாலும் அது ஸ்டாப்பரா சைடு பேக்கா என்பது அந்த அணியின் தேவையைப் பொறுத்தது. இரண்டிலும் ஆடக்கூடியவனுக்கு வாய்ப்பு இரட்டிப்பு. ஸ்டாப்பர் மட்டும் ஆடிப் பழகியவர்கள் 20 வயதுக்குள் ரைட் பேக் அல்லது லெஃப்ட் பேக்கில் ஒரு சீசனாவது ஆடிவிடுவது நல்லது.

வருமான வரித்துறையில் கதவு இன்னும் கொஞ்சம் அகலம். டாக்ஸ் அசிஸ்டெண்ட் பணிக்கு 18 முதல் 27 வயது, அதற்கு மேல் விளையாட்டு வீரர்களுக்கு 5 ஆண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 10 ஆண்டும் தளர்வு. ஆனால் டிகிரி கட்டாயம். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய டிஃபெண்டருக்கு இந்தக் கதவே கிடையாது. படிப்பை விட்டுவிட்டு ஆட்டத்தில் முழு கவனம் வை என்று சொல்லும் எந்த அண்ணனையும் நம்பாதீர்கள். காலேஜ் போனால் டிகிரியோடு படிவம் 3க்கும் வழி திறக்கிறது. தமிழக அரசுப் பணிகளிலும் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, ஆனால் அங்கே எதிர்பார்ப்பது பதக்கம். அணி விளையாட்டுக்காரனுக்கு அது கடினமான வழி.

வேலை கிடைத்துவிட்டால் காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், சென்னை லீக், துறை அளவிலான அகில இந்தியப் போட்டிகள். சம்பளம் மாதம் தவறாது. இழப்பு எங்கே என்றால் ஆட்டத்தின் தரத்தில். ஆண்டுக்கு நிறைய போட்டி ஆட்டங்கள் கிடைக்காது, எதிரணியின் வேகமும் வெளியே உள்ளதைவிடக் குறைவு. ஒரு ஸ்டாப்பர் 23 வயதில் இங்கே சேர்ந்தால், 27ல் அவன் எட்டியிருக்க வேண்டிய இடத்தை எட்டாமலே போக வாய்ப்பு அதிகம். இதை மறைத்துப் பேசுவது பையனுக்குச் செய்யும் துரோகம். துறையின் அனுமதி இல்லாமல் வெளி கிளப்புக்கு ஆடவும் முடியாது. ரயில்வேயில் சேர்ந்தால் சந்தோஷ் டிராபியிலும் ரயில்வே அணிக்குத்தான், தமிழ்நாட்டுக்கு இல்லை.

சம்பளக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள்

கிளப் தரும் மாதச் சம்பளத்தையும் அரசுச் சம்பளத்தையும் நேரடியாக ஒப்பிடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை.

ரயில்வே லெவல் 2ல் தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாய். 2025 ஜூலையிலிருந்து கணக்கான 58 சதவீத அகவிலைப்படி 11,542. சென்னைக்கு வீட்டு வாடகைப்படி 30 சதவீதம், 5,970. கூட்டினால் 37,412. பன்னிரண்டு மாதத்துக்கு 4,48,944 ரூபாய். இதில் ஓய்வூதியப் பங்கு பிடித்தம் போகும், ஆனால் அது தொலைந்து போகும் பணம் இல்லை. 8வது ஊதியக் குழு நடைமுறைக்கு வரும்போது இந்த எண்கள் மாறும், கணக்கு முறை மாறாது.

இப்போது ஒரு கிளப் மாதம் 40,000 தருகிறது என்று வைத்துக்கொள்வோம், ஒப்பந்தம் 8 மாதம். மொத்தம் 3,20,000. ஆண்டு முழுதுக்கும் பிரித்தால் மாதம் 26,667 தான். ரயில்வேயின் ஆண்டுத் தொகையை 8 மாதத்தில் எட்ட வேண்டுமானால் கிளப் மாதம் 56,000க்குச் சற்று மேல் தர வேண்டும். தங்குமிடமும் சாப்பாடும் கிளப் செலவு என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்தச் செலவு என்றால் கழியுங்கள். பல கிளப்கள் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கும். அது பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். தாக்கல் செய்யாமல் விட்டு அந்தப் பணத்தை இழப்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது வழி: வெளிமாநில கிளப்

ஊர் ஊராய்ப் போகும் வாழ்க்கை இங்கேதான் தொடங்குகிறது. ஐ-லீக், ஐ-லீக் 2, 2023ல் தொடங்கிய ஐ-லீக் 3, மாநில லீகுகளில் கொல்கத்தா, கேரளா, கோவா, பெங்களூரு.

டிஃபெண்டருக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. கொல்கத்தா லீக் மழைக்காலத்தில் நடக்கிறது. சேற்றில் பந்து நிற்கும், உயரப் பந்தும், அது தட்டுப்பட்டு விழும் செகண்டு பாலும்தான் ஆட்டம். தலையால் அடிப்பதில் பலமுள்ள ஸ்டாப்பர் அங்கே ஒரே சீசனில் பெயர் எடுக்கலாம். ஆனால் சமீப சீசன்களில் வங்காளத்து வீரர்கள் இத்தனை பேர் களத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. வெளியூர்க்காரனுக்கு மிச்சமிருக்கும் இடம் எத்தனை என்று கேட்ட பிறகே டிக்கெட் போட வேண்டும். பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் வீட்டுக்குச் செலவு குறைவு, கல்லூரிப் படிப்பையும் தொடரலாம். கோவாவில் பந்தைத் தரையில் வைத்து ஆடுவார்கள்; பின்னாலிருந்து பாஸ் தொடங்கத் தெரியாத ஸ்டாப்பர் அங்கே திணறுவான், கற்றுக்கொண்டு வந்தால் அடுத்த இடம் எங்கேயும் சுலபம்.

கிளப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி சம்பளம் இல்லை. "அணியில் ஏற்கெனவே எத்தனை ஸ்டாப்பர்? அதில் வெளிநாட்டுக்காரர் உண்டா?" என்பதுதான். ஐ.எஸ்.எல்.லில் ஒரு கிளப் ஆறு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம், களத்தில் நான்கு பேர். அந்த நான்கில் ஒருவர் பெரும்பாலும் ஸ்டாப்பராக இருப்பார். கீழ் லீகுகளிலும் பணம் உள்ள கிளப் அதையே செய்யும். ஆக இந்திய ஸ்டாப்பருக்கு மிச்சம் ஒரு இடம், அதற்கு மூன்று நான்கு பேர் போட்டி. சைடு பேக்குக்கு இந்த நெருக்கடி குறைவு. 5 அடி 9 அங்குலத்துக்குக் குறைவான ஸ்டாப்பர்கள் வெளியே போகும் முன்பே சைடு பேக்காக மாறிவிடுவது உத்தமம். ஏரியா கிரவுண்டில் குதித்து எடுத்த பந்தெல்லாம் ஐஸ்வாலிலோ ஷில்லாங்கிலோ ஆறடி வெளிநாட்டு ஃபார்வர்டுக்கு எதிரில் கிடைக்காது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை பல, ஆனால் இளைஞர்களைப் பெரிதும் அடிப்பது நான்கு விஷயம். 

முதலாவது, ஒப்பந்தம் ஏ.ஐ.எஃப்.எஃப்.பின் (அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம்) வீரர் பதிவு முறையான சி.ஆர்.எஸ். பதிவில் ஏற்றப்பட்டதா என்பது. பதிவில் ஒரு தொகை, தனித்தாளில் இன்னொரு தொகை என்று பிரித்து எழுதுவார்கள். தகராறு வந்தால் பதிவில் இருக்கும் தொகைக்குத்தான் நிற்க முடியும். 

இரண்டாவது, காயம். ஏ.சி.எல். கிழிந்தால் ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதத்துக்கு முன்னால் களம் இறங்கக் கூடாது. 8 மாத ஒப்பந்தத்தின் ஐந்தாவது மாதத்தில் காயம் பட்டால், ஒப்பந்தம் முடிந்த பிறகான பிசியோதெரபிக்கு யார் பணம் தருவது என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப் பேச்சு எடுபடாது. 

மூன்றாவது, "ஆட்டம் திருப்தி இல்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்" என்ற வரி. இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அது எட்டு மாத ஒப்பந்தம் இல்லை, மாதக் கூலி. 

நான்காவது, வெளிப் போட்டித் தடை. பொங்கலுக்கு ஊருக்கு வந்து ஏரியா டீமுக்காக சுழற்கோப்பை டோர்னமெண்டில் ஒரு மேட்ச் ஆடுவது நம் பக்கம் சாதாரணம். காய்ந்த மண் கிரவுண்டில் முழங்கால் திரும்பினால் கிளப் மருத்துவச் செலவை ஏற்காது. ஒப்பந்தத்தை முறிக்கவும் அதுவே காரணமாகிவிடும். நண்பர்கள் எவ்வளவு கூப்பிட்டாலும் லைனுக்கு வெளியே நின்று கத்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சம்பளம் வராமல் போவது இந்தியக் கால்பந்தில் புதிது இல்லை. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல்.லே நிறுத்தி வைக்கப்பட்டது, மேல் மட்ட கிளப்களே சம்பளத்தை நிறுத்தின. நம் மாநிலத்தில் 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டியை இன்று எந்த தேசிய லீகிலும் காணோம். ஆக பெரிய பெயர், பட்டம் எதுவும் உத்தரவாதம் ஆகாது. ஃபிஃபா விதியின்படி இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் தந்து, அதற்குள்ளும் வராவிட்டால் வீரர் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். இதில் தவறு நடப்பது எங்கே என்றால், பையன் கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறி விடுகிறான். அப்போது ஒப்பந்தத்தை முறித்தவன் அவன் ஆகிவிடுகிறான், அடுத்த கிளப்புக்கான என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) சிக்கிக்கொள்கிறது. முதலில் மின்னஞ்சலில் நோட்டீஸ், பாக்கித் தொகையும் மாதங்களும் தெளிவாக, 15 நாள் அங்கேயே இருந்து பயிற்சிக்குப் போக வேண்டும், பிறகு ஏ.ஐ.எஃப்.எஃப். வீரர் நிலைக் குழுவில் புகார். 2006ல் தொடங்கிய வீரர்கள் சங்கமான எஃப்.பி.ஏ.ஐ.யில் உறுப்பினராக இருந்தால் இந்தக் கடிதத்தை எழுத உதவி கிடைக்கும்.

கிளப் தாவுவதற்கும் எல்லை உண்டு. ஃபிஃபா விதிப்படி ஒரே சீசனில் மூன்று கிளப்பில் பதிவாகலாம், ஆனால் இரண்டு கிளப்புக்கு மட்டுமே அதிகாரபூர்வ ஆட்டம் ஆடலாம். சென்னை லீகில் ஒரு கிளப், கொல்கத்தாவில் இன்னொரு கிளப் என்று ஆடி முடித்தவனுக்கு ஜனவரியில் ஐ-லீக் கிளப் கூப்பிட்டாலும் சிக்கல்தான். ஏஜெண்டோடு ஒப்பந்தம் போட்டால் இரண்டு ஆண்டுக்கு மேல் கையெழுத்துப் போடாதீர்கள்; டிரயல்ஸுக்கு அனுப்பவே முன்பணம் கேட்பவர் ஏஜெண்டே இல்லை.

ஐ.எஸ்.எல். இளைஞர் அணி

21 வயதுக்குட்பட்டோருக்கான டெவலப்மெண்ட் லீக் 2022ல் தொடங்கியது. 18, 19 வயதில் இதில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், போய்விடலாம். நல்ல புல் தரை, பிசியோ, வீடியோ அனாலிசிஸ் எல்லாம் அங்கே கிடைக்கும். 21 ஆகும்போது சீனியர் அணிக்கு எடுக்காவிட்டால் அதே கிளப்பில் பெஞ்சில் இன்னொரு ஆண்டு உட்காரக் கூடாது. அது ஒன்றுதான் எச்சரிக்கை. லோனில் கீழ் லீகுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மலபார் செவன்ஸ்

வட சென்னைப் பையன்களை இழுக்கும் வழி இது, அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. மலப்புறம், கோழிக்கோடு, பாலக்காடு பக்கம் நவம்பர் வாக்கில் தொடங்கி கோடை வரை, இரவு விளக்கில், நிறைந்த கேலரிக்கு முன்னால் நடக்கும். ஆட்டம் முடிந்த இரவே கையில் பணம். வீட்டில் அவசரக் கடன் இருந்தால் இதைவிட வேகமான வழி இல்லை. அந்தத் தேவையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் டிஃபெண்டராக வளர நினைப்பவனுக்கு இது நேர் எதிர்த் திசை. செவன்ஸில் ஆஃப்சைடு கிடையாது. ஆஃப்சைடு இல்லாத இடத்தில் லைன், அதாவது பின்வரிசை ஒரே கோட்டில் சேர்ந்து நகர்வது, என்பதே இல்லை. ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. இரண்டு சீசன் அப்படி ஆடிய ஸ்டாப்பர் பதினொரு பேர் ஆட்டத்துக்கு வந்தால் முதலில் தெரியும் கோளாறு, எல்லோரும் மேலேறும்போது அவன் மட்டும் இரண்டு அடி பின்னால் நின்று எதிரணி ஃபார்வர்டை ஆன்சைடு ஆக்கிவிடுவது. ஏ.ஐ.எஃப்.எஃப். அங்கீகாரம் இல்லாத போட்டி என்பதால் பதிவு பெற்ற வீரர் ஆடினால் தடை வரலாம். காயத்துக்குக் காப்பீடு என்று எதையும் எதிர்பார்க்க முடியாது. 

ராணுவம்

ராணுவம், விமானப்படை, கடற்படை மூன்றும் கால்பந்து வீரர்களை எடுக்கின்றன. சர்வீசஸ் அணி சந்தோஷ் டிராபியில் எப்போதும் பலமான அணி. உடல் தகுதியில் அங்கே இருப்பதுபோல் வேறெங்கும் தேற்ற மாட்டார்கள். வேலையும் தரமான ஆட்டமும் ஒன்றாகக் கிடைக்கும் ஒரே இடம் என்றே சொல்லலாம். விலை என்ன என்றால் வாழ்க்கையே ராணுவ வாழ்க்கை. ஆட்டம் நின்ற பிறகும் பணி தொடரும். அதற்கு மனம் ஒப்பும் பையனுக்கு இது முதல் வழியைவிட மேல்.

எந்த வயதில் எதை எடுப்பது

18, 19 வயதில் கல்லூரியில் சேர்ந்தே ஆக வேண்டும், பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்க வேண்டும். கூடவே சென்னை லீகில் எந்த டிவிஷனாக இருந்தாலும் முழு 90 நிமிடம் இறக்கும் அணி. சீனியர் டிவிஷனில் பெஞ்சைவிட அதற்குக் கீழுள்ள முதல் டிவிஷனில் களம் மேல்.

20 முதல் 22 வரை வெளியே போகும் காலம். ஒரே கிளப்பில் இரண்டு சீசன் கிடைத்தால் அதுதான் சிறந்தது, சம்பளம் சற்றுக் குறைந்தாலும். கையெழுத்துப் போடும்போதே சந்தோஷ் டிராபி தேர்வு முகாமுக்கு விடுவிப்பார்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கிளப் விடாவிட்டால் படிவம் 2 போயிற்று, அதோடு வேலைக்கான 50 மதிப்பெண்ணில் பெரும் பங்கும் போயிற்று. தமிழ்நாடு அணிக்குத் தேர்வாகும் தகுதி உள்ளவனுக்கு மாதம் ஐந்தாயிரம் கூடுதல் சம்பளத்தைவிட அந்த விடுவிப்புக் கடிதம் மதிப்பு அதிகம்.

23ல் கணக்குப் பார்க்க வேண்டும். கடந்த சீசனில் அணியின் ஆட்டங்களில் பாதிக்கு மேல் முதல் பதினொன்றில் ஆடினானா? ஐ-லீக் அல்லது அதற்கு மேல் உள்ள கிளப் எதுவாவது தானாகக் கூப்பிட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ரயில்வேயை மறந்துவிட்டு ஆடட்டும். டிகிரி கையில் இருந்தால் வருமான வரித்துறை, ஏ.ஜி. அலுவலகம் போன்ற இடங்களின் கதவு அவனுக்கு இன்னும் சில ஆண்டு திறந்திருக்கும். அனஸ் போல 30ல் உச்சம் தொடும் சாத்தியம் டிஃபெண்டருக்கு உண்மையாகவே உண்டு. ஒன்றுக்காவது இல்லை என்ற பதில் வந்தால், அந்த ஆண்டே திரும்பி வந்து சென்னை லீகில் டிபார்ட்மெண்ட் அணி ஒன்றுக்கு கெஸ்ட் பிளேயராக ஆடத் தொடங்க வேண்டும். டிரயல்ஸ் அறிவிப்பு வரும்போது அந்த கோச்சுக்கு அவன் ஆட்டம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். 

வீட்டில் ஒரே சம்பளம், அப்பா உடல்நிலை சரியில்லை, தங்கை படிக்கிறாள் என்ற நிலையில் இந்தக் கணக்கை 21லேயே பார்த்துவிடலாம். அப்படி வேலைக்குப் போனவன் கால்பந்தைக் கைவிட்டதாக யாரும் சொல்ல முடியாது. இன்று முல்லை நகர் கிரவுண்டில் சின்னப் பையன்களுக்கு லைன் பிடிக்கக் கற்றுத்தர ஆள் வேண்டும் என்றால் சென்னையில் இருப்பவனால்தான் முடியும்.

எந்த வழி என்றாலும் டிரயல்ஸுக்குக் கொண்டுபோக இரண்டு ஜோடி பூட்ஸ் வேண்டும். நம் மண் கிரவுண்டில் தேய்ந்த ஸ்டட் ஈரப் புல்லில் பிடிக்காது. திரும்பும்போது ஸ்டாப்பர் வழுக்கினால் பின்னால் கோலி மட்டும்தான். செயற்கைப் புல்லில் நீளமான ஸ்டட் மாட்டிக்கொள்ளும், கால் நின்று முழங்கால் மட்டும் திரும்பும். அங்கே குட்டையான, எண்ணிக்கை அதிகமான ஸ்டட் உள்ளது வேண்டும். எந்தத் தரை என்று முதல் நாளே போன் செய்து கேட்டுவிடுங்கள். வீடியோ அனுப்பச் சொன்னால் கோல் லைன் சேவ்களை மட்டும் வெட்டி ஒட்டாமல் ஒரு முழு மேட்ச் அனுப்புங்கள். பந்து எதிர்ப் பக்கம் இருக்கும்போது ஸ்டாப்பர் எங்கே நிற்கிறான் என்பதைத்தான் கோச் தேடுவார்.

24 முடிந்தவர்கள் ரயில்வே அறிவிப்பில் வயதைக் கணக்கிடும் தேதி ஜனவரி 1ஆ ஜூலை 1ஆ என்பதை முதலில் பாருங்கள். மார்ச்சில் பிறந்தவருக்கு இந்த ஒரு வரியில் ஓர் ஆண்டு கிடைக்கும் அல்லது போகும்.